ஆடைக் கலையில் தூசிப்படை

தமிழில் தூசு என்றால் ஆடை. தூசி என்பதோ நாம் நாள்தோறும் துடைத்தெறியும் புழுதிக்கு மட்டும் பெயரன்று. படைக்கு முன்னே செல்லும் அணியையும் தூசி என்றே நம் முன்னோர் வழங்கினர். பிரெஞ்சு மொழியில் இதற்கு நேரான சொல் 'அவாங்கார்ட்' என்பது. போர்க்களத்தில் முந்திச் சென்று வழியும் பகையும் அறியும் படைக்குரிய அச்சொல்லை, 1825-ஆம் ஆண்டளவில், பிரான்சு நாட்டுச் சமதர்மச் சிந்தனையாளரான சான்-சிமோன் கூட்டத்தார் கலைஞருக்குச் சூட்டினர். மனித சமூகத்துக்கு முன்னே நடந்து வழி திறக்க வேண்டியவர் கலைஞரே என்பது அவர்தம் கருத்து.

உயர்ந்த எண்ணத்தில் பிறந்த அச்சொல் இன்று ஆடை வியாபாரத்தில் படும் பாடு பெரிது. தலையில் கூண்டு, காலில் ஓரடி உயரக் கட்டை, இடையில் கண்ணாடித் தகடு என்று ஒரு பெண்ணை மேடையில் நடக்க விட்டால், அதைச் செய்தவர் மறுநாளே அவாங்கார்ட் உடைக் கலைஞர் ஆகிவிடுகிறார். விசித்திரமாயிருப்பது வேறு, முன் செல்வது வேறு. ஊர்வலத்துக்கு முன்னே கோமாளியும்தான் ஆடிக்கொண்டு போகிறான். அவனைத் தூசிப்படை என்பார் உண்டோ? ஆதலின் இப்பெயருக்குரியவர் யார் என்று தெளிய, இத்தொழிலின் சரித்திரத்தையே கேட்டல் நலம். அச்சரித்திரம் பெரும்பாலும் பாரிஸ் நகரில் நடந்தது.

முற்காலத்தில் அங்கே உடை தைப்பவருக்குப் பெயர் இல்லை என்றே சொல்லலாம். சீமாட்டி துணியை வாங்கிக் கொடுத்து இன்னவாறு தை என்பாள், தையற்காரி தைப்பாள். இம்முறையைப் புரட்டியவர், இங்கிலாந்திலிருந்து பிழைக்கச் சென்ற சார்லஸ் பிரெடெரிக் வொர்த் என்பவர். ஜவுளிக் கடைச் சிப்பந்தியாய் வாழ்க்கையைத் தொடங்கிய அவர், 1858-இல் பாரிஸில் சொந்தக் கடை திறந்தார். தாமே மாதிரிகளைச் செய்து, உயிருள்ள பெண்களுக்கு உடுத்திக் காட்டி, வேண்டுவதைத் தேர்ந்துகொள்க என்றார். உடையின் உட்புறத்தில் தம் பெயர் பொறித்த சீட்டையும் தைத்தார். தையற்காரன் தலை நிமிர்ந்தான் என்று மகிழலாம். ஆனால் அவ்வுடையை அணிந்தவளோ எஃகு வளையங்கள் கோத்த கூண்டுப் பாவாடைக்குள்ளும், திமிங்கில எலும்பு வைத்து இறுக்கிய கச்சுக்குள்ளும் மூச்சு முட்டி நின்றாள்.

அக்கச்சை நீக்கிய பெருமையைப் பால் புவாரே என்பவருக்கு அளிப்பது வழக்கம். 1906-ஆம் ஆண்டை ஒட்டி அவர் தோளிலிருந்து தொங்கும் தளர்ந்த உடைகளைச் செய்தார் என்பது மெய்யே. ஆனால் 1910-இல் அவரே கணுக்காலருகே குறுகிய பாவாடை ஒன்றையும் புகுத்தினார். அதை உடுத்தியவள் முழு அடி எடுத்து வைக்க இயலாது. தளையிட்ட மாடுபோல் நடக்க வேண்டும். மேலே அவிழ்த்த கட்டைக் கீழே போட்டார் என்க. பெண்ணின் உடம்பு தமக்குக் கிடைத்த களிமண் என்றே அவர் கருதினார் என்பது இதனால் விளங்கும். அலங்காரத்தில் அவர் மேதை, அதில் ஐயமில்லை. 1929-இல் கடை மூடப்பட்டு, 1944-இல் வறுமையில் இறந்தார்.

அவர் காலத்திலேயே வேறு வழியில் இறங்கியவர் ஒரு தொழிலாளிப் பெண். மதலேன் வியோனே 1876-இல் பிறந்தார். சிறுமியாயிருக்கையிலேயே தையற்பட்டறைக்கு அனுப்பப்பட்டார். இலண்டனிலும் சில ஆண்டுகள் ஊசி பிடித்து வயிறு வளர்த்தார். 1907-இல் பாரிஸில் ஜாக் தூசே என்பவரின் கடையில் வேலை பார்க்கையில், உடை காட்டும் பெண்களைக் கச்சு இல்லாமலும் வெறுங்காலுடனும் நடக்கச் செய்தார். கடையின் விற்பனைப் பெண்களே முகஞ்சுளித்தனர். 1912-இல் தாமே கடை வைத்தார்.

அவர் செய்த புரட்சி யாது? நேயர்களே, ஒரு கைக்குட்டையை எடுத்து, நூல் ஓடும் வழியே இருபுறமும் பிடித்து இழுத்துப் பாருங்கள். துணி கொடுக்காது. இனி மூலைக்கு மூலை பிடித்து இழுங்கள். துணி நீளும், விட்டால் மீளும். பாவும் ஊடையும் நேராய் நிற்கையில் விறைத்திருக்கும் அதே துணி, கோணத்தில் இழுபடும்போது ரப்பரைப்போல் வளைந்து கொடுக்கிறது. தையற்காரர் யாவரும் இதை அறிவர். கழுத்துக்கும் ஓரத்துக்கும் 'கிராஸ்' துண்டு வெட்டி வைப்பது இதனாலன்றோ? ஓரத்துக்கு மட்டும் உதவிய அவ்வெட்டை வியோனே உடை முழுமைக்கும் கொண்டுவந்தார். இதற்கெனவே பட்டு நெய்வோரிடம் இரட்டை அகலத் துணி நெய்வித்தார். சிறியதொரு மரப்பொம்மையின்மேல் துணியைச் சுற்றியும் முறுக்கியும் நாட்கணக்கில் ஆராய்ந்தார். காகிதத்தில் உடைப்படம் எழுதும் வழக்கம் அவரிடம் இல்லை.

இதன் பயன் பெரிது. அதுவரை உடம்பை அடக்கி உருவாக்கிய வேலையைக் கச்சு செய்தது. இப்போது உடம்பைத் தொடர்ந்து செல்லும் வேலையைத் துணியே செய்தது. கச்சை இகழ்ந்து பேசியவர் பலர்; கச்சு தேவையற்றுப் போகும்படி வெட்டிக் காட்டியவர் வியோனே. தூசிப்படைக்கு முதல் இலக்கணம் இஃதே என்பேன். முன்னே போனது மட்டுமன்று. பின்னே வருபவர் நடக்கக்கூடிய வழியையும் விட்டுச் சென்றார். இன்று உலகெங்கும் தையற்பள்ளிகளில் அவ்வெட்டைக் கற்பிக்கின்றனர்.

அவருடைய பட்டறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1923-இல் மோந்தேன் வீதியில் பெரிய மாளிகைக்குக் குடிபெயர்ந்தபின், அங்கே ஏறக்குறைய 1,200 பேர் வேலை செய்தனர். அவர்களுக்கு மருத்துவரும் பல் வைத்தியரும் உண்டு. உணவுச் சாலை உண்டு. பிள்ளை பெற்ற தாய்க்கு விடுப்பு உண்டு. சம்பளத்தோடு கூடிய ஆண்டு விடுமுறை உண்டு. அவ்விடுமுறையைப் பிரான்சு தேசம் சட்டமாக்கியது 1936-இல்தான். முக்காலியில் கூனிக்கிடந்து தைத்த பெண்களுக்கு முதுகு சாயும் நாற்காலியும் போட்டார். தாம் அம்முக்காலியில் இருந்தவர் என்பது அவருக்கு மறக்கவில்லை போலும். பிறர் தம் உடைகளைத் திருடிப் படியெடுப்பதைத் தடுக்க, சீட்டில் தம் கையொப்பத்தோடு கட்டை விரல் ரேகையையும் பதித்தார். ஒன்றை மட்டும் குறையாகச் சொல்லலாம்: பதிந்த விரல் முதலாளியம்மையுடையது, தைத்த 1,200 பேரின் விரல்கள் அங்கும் பதியவில்லை.

இவரைவிடப் பெயர் பெற்றவர் கபிரியேல் ஷனேல். அநாதை விடுதியில் வளர்ந்த இவர், முதல் உலகப் போரின்போது, ஆடவர் உள்ளுடுப்புக்கே ஆகும் என்று ஒதுக்கப்பட்டிருந்த ஜெர்சித் துணியால் சீமாட்டிகளுக்கு உடை செய்தார். பெண் நடக்கவும் ஓடவும் ஏற்ற உடை அது. பட்டுக்குரிய மதிப்பைப் பருத்திக்கும் கம்பளிக்கும் பெற்றுத் தந்தது. இத்துணிவை மறுப்பதற்கில்லை. ஆனால் 1936-இல் தம் தையற்பெண்கள் வேலை நிறுத்தம் செய்தபோது அவர்பால் இரக்கம் காணப்படவில்லை. ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்திருந்த 1941-இல், யூதர் சொத்தைப் பறிக்கும் சட்டத்தைத் துணைக்கொண்டு, தம் வாசனைத் தைலக் கம்பெனியின் யூதப் பங்காளிகளை விலக்கவும் முயன்றார். உடையில் முன் சென்றவர் அனைவரும் வாழ்வில் முன் சென்றவரல்லர் என்பதற்கு இவரே சான்று.

புதுமை என்னும் பெயர் எவ்வளவு ஏமாற்றவல்லது என்பதற்கு 1947-ஐ நினைவுகூர்வோம். அவ்வாண்டு பிப்ரவரி 12-இல் கிறிஸ்தியான் தியோர் தம் முதல் உடைகளைக் காட்டினார். அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியை ஒருவர் அவற்றுக்குப் 'புதுத் தோற்றம்' என்று பெயரிட, உலகமே அவ்வாறு அழைத்தது. அதில் புதியது யாது? இறுக்கிய இடை, உள்ளே கட்டிய கச்சு, தரையை நோக்கி விரிந்த பாவாடை: வொர்த் காலத்துச் சீமாட்டியே கல்லறையிலிருந்து எழுந்து வந்தாள். பாவாடை ஒன்றுக்கே பற்பல கெஜம் துணி வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் அப்போது துணிக்குப் பங்கீடு நடந்துகொண்டிருந்தது. 1949 வரை அது நீங்கவில்லை. மலாயாவிலோ, 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் துணி கிடைக்காமல் கோணிச் சாக்கை வெட்டி உடுத்திய தோட்டத் தொழிலாளரின் நினைவு இன்னும் ஆறாதிருந்த காலம். போரில் நொந்த மாதர் மீண்டும் அழகை விரும்பியதைக் குற்றமாகச் சொல்லேன். ஆனால் பின்னோக்கித் திரும்பிய படைக்கு முன்னணி என்று பெயரிட்டதை எங்ஙனம் ஒப்புவது?

அடுத்த கேள்வி கிழக்கிலிருந்து வந்தது. வியோனே தம் வெட்டுக்கு ஜப்பானியரின் கிமோனோவிலிருந்தும் பாடம் கற்றவர். நேராய் நெய்த துணியை அதிகம் வெட்டாமல் உடம்பின்மேல் தளர விடுவது கிமோனோவின் முறை. அந்நாட்டிலிருந்து வந்தவர்களுள் ஒருவர் இஸ்ஸே மியாக்கே. 1938-இல் ஹிரோஷிமாவில் பிறந்து, ஏழு வயதில் அணுகுண்டைக் கண்டவர். 1968-இல் பாரிஸில் மாணவரும் தொழிலாளரும் கிளர்ந்தெழுந்தபோது அங்கிருந்தவர். சீமாட்டியருக்கன்றிப் பொதுமக்களுக்கு உடை செய்ய வேண்டும் என்னும் எண்ணம் அப்போது வலுப்பெற்றது. வேண்டிய அளவினும் இரண்டு மூன்று மடங்கு பெரிதாய் உடையைத் தைத்து, பின்பு தாள்களுக்கிடையே வைத்துச் சூட்டில் அழுத்தி மடிப்புக் கொடுக்கும் முறையை அவர் கண்டார். 1993 முதல் அது தனி வரிசையாகவே விற்பனைக்கு வந்தது. துவைத்து உதறினால் போதும், இஸ்திரி வேண்டுவதில்லை. 2022-இல் அவர் மறைந்தார்.

இனி ரெய் கவாகுபோ. நம் கேள்விக்கு நேர் விடை இந்த அம்மையாரிடமே கிடைக்கும் என்பது என் அபிப்பிராயம். 1942-இல் தோக்கியோவில் பிறந்தவர். சர்வகலாசாலையில் கலையும் இலக்கியமும் பயின்றவர். தையல் கல்லூரியின் படி மிதிக்காதவர். துணி உற்பத்திக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தபின், 1969-இல் தாமே உடை செய்யத் தொடங்கி, 'கோம் தே கார்சோன்' என்று பெயரிட்டார். 'பையன்களைப் போல' என்பது அப்பிரெஞ்சுத் தொடரின் பொருள். அவருடைய கருப்பு உடைகளை அணிந்த ஜப்பானியப் பெண்களைக் காக்கைக் கூட்டம் என்று ஊரார் நகைத்தனர்.

1981-இல் பாரிஸுக்குச் சென்றார். அடுத்த ஆண்டு அவர் காட்டிய பின்னல் சட்டைகளில் ஓட்டைகள் இருந்தன. அணுகுண்டு வெடித்த இடத்தில் எஞ்சியவர் கோலம் என்று மேனாட்டுப் பத்திரிகைகள் சில எழுதின. ஜப்பானியர் ஒருவர் எதைச் செய்தாலும் ஹிரோஷிமாவைக் காணும் அக்கண்ணின் குறுக்கத்தை நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும். அவரோ, அவை கிழிசல் அல்ல, அதுவும் ஒருவகைச் சரிகைப் பின்னலே என்னும் கருத்துப்படச் சொன்னார். யந்திரம் குற்றமற்ற துணியையே நெய்து நெய்து குவிக்கிறது, அத்துணியில் உயிரில்லை. ஆகவே யந்திரத்தின் திருகுகளை ஆங்காங்கே தளர்த்தி, அது தவறு செய்யும்படி விட்டார்! நூறாண்டுக் காலம் யந்திரத்தோடு போட்டியிட்டுத் தோற்ற கைத்தறியாளன் இதைக் கேட்டால் என்ன நினைப்பான்? தன் தறியில் விழுந்த பிசகுக்குக் கூலி பிடித்தவர்களை எண்ணிச் சிரிப்பான்.

வெட்டு மாதிரி வரைபவரிடம் அவர் கசக்கிய காகிதம் ஒன்றைக் கொடுத்து, இத்தன்மையுள்ள உடையை வெட்டுங்கள் என்று சொன்னதாக ஒரு செய்தி உண்டு. பித்துப்போல் தோன்றும். ஆனால் அதன் உட்பொருளைக் காண்க: மாதிரி வரைபவரும் தாமே சிந்தித்து விடை காண வேண்டியவராகிறார்.

1996 அக்டோபரில், அடுத்த ஆண்டு இளவேனிலுக்கென அவர் காட்டிய உடைகள் இன்றும் பேசப்படுகின்றன. நெகிழும் கட்டம் போட்ட துணியில் தைத்த எளிய உடைகள். ஆனால் முதுகிலும் தோளிலும் இடுப்பின் ஒரு பக்கத்திலும் திண்டுபோல் பொதிகளை உள்ளே வைத்திருந்தார். இக்கட்டத்துணியை ஆங்கிலத்தில் 'கிங்கம்' என்பர். 'கெங்காங்' என்னும் மலாய்ச் சொல்லினின்று பிறந்ததென அகராதிகள் கூறும். நாம் அன்றாடம் காணும் துணிதான். அதற்குள்ளிருந்து கூனும் கட்டியுமாய் ஓர் உடம்பு எழுந்து வரக் கண்டு பார்த்தவர் திடுக்கிட்டனர். சில பத்திரிகைகள் பொதிகளை நீக்கிவிட்டே படம் பிடித்தன. அடுத்த ஆண்டு மெர்ஸ் கன்னிங்காம் என்னும் அமெரிக்க நாட்டியக்காரர், அவ்வுடைகளையே அணிவித்துத் தம் குழுவினரை நியூயார்க்கில் ஆட வைத்தார்.

இது வெறும் விகாரம், இதில் விடுதலை எங்கே என்று கேட்கலாம். நானும் கேட்டுப் பார்த்தேன். கச்சு, கூண்டு, குறுகிய பாவாடை எல்லாம் உடம்பைத் திரித்தவையே. கச்சு கட்டிய இடையும் கூன் விழுந்த முதுகைப்போல் இயற்கைக்கு மாறானதே. ஒன்றை அழகென்றும் மற்றொன்றை அருவருப்பென்றும் நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார்? ஆடவர் கண்ணுக்கு இனிக்கும்படி திரிப்பது அழகு. இனிக்காதபடி திரிப்பது விகாரமா? தோட்டத்தில் நாற்பது ஆண்டு குனிந்து பால் வெட்டிய தாயின் முதுகும் ஓர் உருவம்தானே. அதற்கேற்ற உடையை எந்த மேடையில் கண்டோம்? இக்கேள்வி எழுப்ப ஒரு பஞ்சுப் பொதி போதும் என்று அவர் காட்டினார். கோமாளி எழுப்பாத கேள்வி இது.

ஆயினும் அவ்வுடைகளின் விலை எளியோர் கனவிலும் எட்டாதது. 2017-இல் நியூயார்க்கின் பெருநகரக் கலைக் காட்சிச்சாலை அவருக்கெனத் தனிக் காட்சி நடத்தியது. உயிரோடிருக்கும் உடைக் கலைஞருக்கு அங்கே அத்தகைய காட்சி நடந்தது அதற்கு முன் ஒரே முறைதான், 1983-இல். கலகம் செய்தவரை மாலையிட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் அமர்த்துவது செல்வர் அறிந்த தந்திரம்.

அத்தந்திரத்துக்கு இரையான இன்னொருவர் பெல்ஜியம் நாட்டு மார்ட்டின் மார்ஜியேலா. 1988-இல் பாரிஸில் கடை தொடங்கிய இவர் தம் முகத்தைக் காட்ட மறுத்தார். பத்திரிகைகளுக்கு 'நாங்கள்' என்றே எழுத்தில் விடையளித்தார். 1989-இல் ஏழைகள் வாழும் பகுதியின் பாழ்மைதானத்தில் உடைக் காட்சி நடத்தி, அவ்விடத்துப் பிள்ளைகளையும் உடன் நடக்கவிட்டார். பழைய உடைகளைப் பிரித்துப் புதியன தைத்தார். அவர் உடையிலுள்ள சீட்டில் பெயரே இல்லை. வெறும் வெள்ளைத் துணி, நான்கு மூலையிலும் நான்கு தையல். வேண்டுவோர் பிரித்தெறியலாம். நடந்தது என்னவெனில், முதுகுப்புறத்தில் தெரியும் அந்நான்கு தையலே செல்வரை அடையாளம் காட்டும் முத்திரையாயிற்று. 2002-இல் கடை இத்தாலிய முதலாளி ஒருவர் கைக்கு மாறியது. 2009-இல் மார்ஜியேலா ஓசையின்றி விலகினார்.

அப்படியானால் இன்று தூசிப்படைக்குரியவர் யார்? ஓட்டையும் கிழிசலும் இன்று பெருங்கடைகளில் மலிவு விலைக்குக் கிடைக்கின்றன. அதிர்ச்சி தருவது இனி அருஞ்செயலன்று. 2010 முதல் யந்திரத்தால் அச்சிட்டு எடுத்த உடைகளையும் ஐரோப்பிய மேடைகளில் கண்டுவிட்டோம். கைத்திறன் வியக்கத்தக்கதே, எனினும் அது யாருடைய கட்டை அவிழ்க்கிறது என்று கேட்டால், இன்னும் எனக்கு விடை கிடைக்கவில்லை. வியோனே துணியைக் கேட்டார்; கவாகுபோ அழகைக் கேட்டார்; மார்ஜியேலா பெயரைக் கேட்டார். தைக்கும் கையைப் பற்றி வியோனே தம் பட்டறை அளவில் விடை கண்டார். அதன்பின் உடைக் கலைஞருள் பெரும்பாலோர் அக்கேள்வியைத் தொடவேயில்லை. இக்காலத்தில் முன் செல்ல விரும்பும் கலைஞருக்கு மீதமிருக்கும் பெரிய நிலம் அதுவே. மேடையில் எவ்வளவு விந்தை காட்டினும், அவ்வுடை தைக்கப்படும் கூடத்தில் பழைய முக்காலியே கிடக்குமாயின், அவரை எந்த அணியில் வைப்பது?

2013 ஏப்ரல் 24-இல், வங்காள தேசத்தில், டாக்கா நகரையடுத்த சாவாரில், ராணா பிளாசா என்னும் எட்டடுக்குக் கட்டிடம் இடிந்தது. முதல் நாளே சுவரில் வெடிப்புக் கண்டு, கீழ்த்தளத்துப் பாங்கியையும் கடைகளையும் மூடிவிட்டனர். மேல் மாடிகளிலிருந்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளரை மட்டும் மறுநாள் வேலைக்கு ஏறச் செய்தனர். இறந்தோர் 1,134 பேர். பெரும்பாலும் இளம் பெண்கள். அங்கே எந்தெந்த மேனாட்டுக் கம்பெனிகளுக்காகத் தைத்தார்கள் என்பதை அறிய, தொழிலாளர் உரிமைக்குப் பாடுபடுவோர் இடிபாட்டுக்குள் புகுந்து, மண் படிந்த சட்டைகளின் கழுத்திலிருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாய்ப் பொறுக்கியெடுக்க வேண்டியிருந்தது.